முசுக்கட்டை

லோகநாதன் வீட்டுச் சாக்கடைக் குழாயை
என் மரத்து வேர் நெரிக்கிறது என்று
மூன்றாவது கடிதம் வந்த வாரம்
ரம்பம் வாடகைக்கு எடுத்தேன்.

சாட்ஸ்வொர்த்தில் எல்லோருக்கும் இது மல்பெரி.
முசுக்கட்டை என்ற பேரை அகராதியில்தான் பார்த்தேன்.
முசு என்றால் குரங்கு.
கட்டை, கட்டைதான்.
அன்று காலை மதில்மேல் ஏழு குரங்குகள்.
பழம் வருமுன் மரம் போவதை
ஒருத்தி குட்டியை மார்பில் ஒட்டிக்கொண்டே பார்த்தாள்.

விழுந்தபோது பெரிய சத்தமில்லை.
வளையங்களை எண்ணினேன்: ஐம்பத்தொன்று.
கேட்டோ மேனரிலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டிய அன்றே
நட்ட குச்சி என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.
அந்தக் கணக்குக்கு இன்னும் எட்டு வேண்டும்.
மறுபடி எண்ணினேன். ஐம்பத்தொன்று.
முதல் குச்சி பட்டுப்போயிருக்கும்.
அதை யார் சொல்வார்கள்.

குழாய் தோண்ட வந்த லுங்கேலோ
பள்ளத்திலிருந்து ஏறிவந்து கேட்டான்:
விறகா?
வில், என்றேன்.
அவன் சம்மட்டியை வாங்கிக்கொண்டான்.

பட்டையின் வரிகள் அடியிலிருந்து ஆறடி நேர்.
அதற்குமேல் இடப்பக்கம் ஒரு திருகல்,
சேலையைப் பிழியத் தொடங்கி
யாரோ கூப்பிட்டுப் போய்விட்டதுபோல.
ஆறடி போதும் எனக்கு.

ஆப்பு வைப்பது என்றால்
பிறர் எனக்குச் செய்வது என்றே பழகியவள் நான்.
இப்போது இரும்பு உள்ளே இறங்க இறங்க
காதைக் கொடுத்து நின்றேன்.
டிங், டிங், டிங்.
பிறகு டொக்.
டொக் வந்தால் மரம் சம்மதித்துவிட்டது.
விரிசல் ஓடவில்லை, நடந்தது;
அதற்கு முன்னால் போய் அடுத்த ஆப்பை வைத்தோம்,
பின்தங்கியது தானே கழன்று விழுந்தது.
ஆப்பசைத்த கதை தெரிந்த குரங்குகள்
மதிலைவிட்டு இறங்கவேயில்லை.

நாலாவது அடியில் நின்றுபோனது.
நார்கள் குறுக்கே கைகோத்து இழுத்துக்கொண்டிருந்தன.
ஒவ்வொன்றாக வெட்டும்போது
கோடாலி எதையோ கடித்து வாய் மழுங்கியது.
கம்பி.
எந்தக் காலத்திலோ துணி காயப்போடக் கட்டியது.
மரம் அதை விழுங்கி
மேலே இருபது வளையம் போர்த்திவிட்டது.
சுற்றிலும் மைக்கறை.
ஒரு கால் பங்கு பாழ்.

மீதி முக்கால் திறந்து கிடந்தது,
வெயில் படாத மஞ்சள்.
மரத்தின் உள்ளுறுதிக்கு எங்கள் மொழியில் வைரம் என்று பேர்.
இந்த நாட்டில் அந்தச் சொல்லை
உரக்கச் சொல்லாமலிருப்பது நல்லது.
லுங்கேலோவிடம் சொன்னேன்.
அப்படியானால் எனக்கும் பங்கு, என்றான்.

பள்ளி விட்டதும் நிவேஷ்னி வந்தாள்,
ஷூ பெட்டியோடு.
மூடியில் ஆணித்துளைகள்,
உள்ளே முப்பத்திரண்டு பட்டுப்புழுக்கள், முப்பத்திரண்டுக்கும் பசி.
கிடந்த கிளைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
அழுவாள் என்று நினைத்தேன்.
நாளைக்கு? என்றாள்.
இலைகளை ஈரத்துணியில் சுற்றி
ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைத்தோம்.
ஒரு வாரம் தாங்கும். பத்து நாள் என்றேன்.
வில்லுக்கு நாண் எதில் செய்வீங்க?
பட்டு நூலிலும் செய்யலாம் என்று வாய்தவறி,
எத்தனை கூடு வேகவைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன்.
அவள் பெட்டியை மூடிக்கொண்டாள்.

துண்டுகளின் இரு முனைக்கும் பெயின்ட் பூச வேண்டும்,
இல்லாவிட்டால் காய்வதற்குள் வெடித்துவிடும்.
எங்கள் ஆலையில் தள்ளுபடியான இளஞ்சிவப்பு இருந்தது.
கலக்கிக்கொண்டிருந்தபோது
லுங்கேலோ பள்ளத்திலிருந்து ஒரு வேரை நீட்டினான்,
குழாயின் கழுத்திலிருந்து அறுத்தது.
நான் வெட்டிய மரத்தின் வேருக்கு
ஆரஞ்சுத் தோல்.
இது கறுத்த பழுப்பு.
இருவரும் மதிலுக்கு அப்பால் பார்த்தோம்.
லோகநாதனின் லிச்சியில் ஏழு குரங்குகளும் ஏறியிருந்தன.

கொஞ்சநேரம் கழித்து அவன் கேட்டான்:
அந்த மரம் வில்லுக்கு ஆகுமா?

இரண்டாவது பூச்சுக்குத் தூரிகையைத் தோய்த்தேன்.
ஆகாது, என்றேன்.